பழைய இழைப்புளி வாங்குவதும் சீர்செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொழில்முறை ஆசாரி இல்லை. வாரநாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமையில் மொட்டைமாடியில் மரவேலை. இதுவரை பத்துப் பன்னிரண்டு பழைய இழைப்புளிகளைத் துருவிலிருந்து மீட்டிருக்கிறேன். இரண்டைக் கெடுத்தும் இருக்கிறேன், அந்தக் கதையும் கீழே வரும். மரவேலை பழகத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

பிளானர் மிஷின் மலிவாகக் கிடைக்கும்போது கையால் எதற்கு இழைக்க வேண்டும்?

பத்துக் கதவுக்குக் கட்டை இழைக்க வேண்டுமென்றால் மிஷின்தான் வாங்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஏழு மணிக்குப் பிளானரை ஓட்டிப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். கை இழைப்புளி தூசி கிளப்பாது. சுருள் சுருளாகச் சீவலைத்தான் தள்ளும். மழைக்காலத்தில் கதவு நிலையில் உரசினால் நான்கு இழைப்புப் போட்டு முடித்துவிடலாம். மிஷின் விட்டுச்செல்லும் அலை அலையான தடத்தை எடுக்கவும் கடைசியில் இதுதான் வேண்டும்.

புதிதாகவே வாங்கிவிடலாமே?

வாங்கலாம். அமெரிக்காவின் லீ-நீல்சன், கனடாவின் வெரிடாஸ் இரண்டும் பெட்டியிலிருந்து எடுத்ததுமே வேலை செய்யும் தரத்தில் வருபவை. அந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகும், துரு தேய்ப்பதில் ஆர்வமும் இல்லை என்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடுங்கள். சிக்கல் நடுவில் இருப்பவற்றோடுதான். மலிவான புது இழைப்புளி வாங்கினாலும் அடிப்பாகத்தைச் சமப்படுத்தி, தகட்டைத் தீட்டி, ஃபிராக் உட்காரும் இடத்தைச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது. பழையதற்குச் செய்யும் அதே உழைப்பு. அப்படியானால் நல்ல வார்ப்பில், நல்ல எஃகில் வந்த பழையதற்கே அந்த உழைப்பைப் போடலாம் என்பது என் கட்சி.

தகடு, ஃபிராக் என்கிறீர்களே, எது எது?

முதலில் பெயரைக் கவனியுங்கள். இழைப்பு, உளி இரண்டும் சேர்ந்ததுதான் இழைப்புளி. நம் மொழி இந்தக் கருவியை உளி என்றே பார்க்கிறது. ஓர் உளியை ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் பிடித்துக்கொண்டு மரத்தின்மேல் ஓட்டத்தான் மற்ற எல்லாப் பாகமும். நான் இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் பாதி விஷயம் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அந்த உளிதான் தகடு. அதன் முதுகில் திருகால் பூட்டியிருப்பது மேல் தகடு. இரண்டும் சேர்ந்து சாய்ந்து உட்காரும் வார்ப்பு மேடைக்கு ஃபிராக் என்று பெயர். தவளை என்பதுதான் பொருள், ஏன் தவளை என்று கேட்காதீர்கள். எல்லாவற்றையும் மேலிருந்து அழுத்திப் பிடிப்பது லீவர் கேப். தகடு எட்டிப்பார்க்கும் அடிப்புறத் துவாரம் வாய். பின்னால் கைப்பிடி, முன்னால் குமிழ். ஃபிராக்குக்குப் பின்னால் இருக்கும் பித்தளைச் சக்கரத்தைத் திருகினால் தகடு முன்னும் பின்னும் நகரும். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்பைத் தள்ளினால் தகடு இடவலமாகச் சாயும்.

கட்டை இழைப்புளி நல்லதா, இரும்பா?

நம் ஊர்ப் பட்டறைகளில் பல தலைமுறையாக ஓடியது கட்டை இழைப்புளிதான். ஈட்டி, வேங்கை மாதிரிக் கனமான மரத்தில் உடம்பு, நடுவில் தகடு, அதை இறுக்க ஓர் ஆப்பு. மரத்தின்மேல் மரம் வழுக்கிக்கொண்டு போகும் சுகம் இரும்பில் வராது. ஆனால் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுத்தியலால் தட்டித்தான் ஆக வேண்டும், அந்தத் தட்டு கைக்கு வர சில மாதமாகும். புதிதாகப் பழகுபவருக்கு இரும்பைத்தான் சொல்வேன். சக்கரத்தைத் திருகி ஆழம் வைக்க ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

4, 5, 7 என்று எண் சொல்கிறார்களே, என்ன கணக்கு?

அமெரிக்காவில் லியனார்டு பெய்லி என்பவர் வடிவமைத்த இரும்பு இழைப்புளியின் உரிமையை 1869இல் ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. அவர்கள் வைத்த எண்வரிசையையே பிறகு உலகமெங்கும் மற்றவர்களும் பின்பற்றினார்கள். எண் கூடினால் நீளம் கூடும், அவ்வளவுதான்.

எண் 4 ஏறக்குறைய 10 அங்குலம். மழமழப்பாக்கும் கடைசி இழைப்புக்கு. எண் 5 என்பது 14 அங்குலம். கரடுமுரடான பலகையைச் சீராக்க. எண் 7 என்பது 22 அங்குலம். இரண்டு பலகையை ஒட்டுவதற்கு ஓரத்தை நேராக்க. 4க்கும் 5க்கும் தகட்டின் அகலம் 2 அங்குலம், 7க்கு 2⅜ அங்குலம். இங்கிலாந்தின் ரெகார்டு கம்பெனி இதே எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 04, 05 என்று போட்டது.

ஒன்றே ஒன்று வாங்கப்போகிறீர்கள் என்றால் எண் 5. பல பேர் 4 என்பார்கள். நமக்கு மரக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் அறுத்த தடம் தெரியும் பலகை. அதற்கு நீளம் வேண்டும், எடை வேண்டும். 5ஐ நன்றாகத் தீட்டினால் மழமழப்பாகவும் இழைக்கும். 4ஐ வைத்துக்கொண்டு வளைந்த பலகையை நேராக்கப் போனால் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி ஏறும்.

எங்கே தேடுவது?

சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பழைய ஸ்பானர், குழாய்ச் சாவிக் குவியலுக்கு அடியில்தான் இழைப்புளி இருக்கும், மேலே வைத்திருக்க மாட்டார்கள். மற்ற ஊர்களில் பழைய இரும்புக் கடைதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் கட்டை இழைப்புளிகளைப் பார்க்கலாம். ஆனால் அங்கே அது அலமாரியில் வைக்கும் அழகுப்பொருள், விலையும் அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள்.

எனக்குக் கிடைத்ததில் நல்லவை எல்லாம் சந்தையில் கிடைத்தவை அல்ல. தொழிலை விட்டுவிட்ட வயதான ஆசாரிகளின் வீட்டுப் பரணில் இருந்தவை. தெருவில் விசாரித்துப் பாருங்கள். அங்கே மட்டும் அடித்துப் பேரம் பேசாதீர்கள். அந்தக் கருவி அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, எப்படித் தீட்டுவார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். கொடுத்த பணத்துக்கு மேல் அது தேறும்.

கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் விரிசல். உடம்பு வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் வளையாது, விரிசல் விடும். வாயின் இரண்டு மூலைகளிலிருந்து பக்கச் சுவர் நோக்கி மயிரிழை போல ஒரு கோடு போகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். துருவும் எண்ணெயும் சேர்ந்து அதை மறைத்திருக்கும், எச்சில் தொட்டுத் துடைத்தாவது பாருங்கள். தகட்டையும் மற்றதையும் கழற்றி, வெறும் உடம்பை விரலில் தொங்கவிட்டுச் சின்னதாக ஒரு தட்டு. மணிபோல் ஒலித்தால் நல்லது, உடைந்த பானைபோல் கேட்டால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பக்கச் சுவரில் மஞ்சளாகப் பற்றவைத்த தழும்பு தெரிந்தாலும் அப்படியே.

அடுத்தது பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்பது. நான் கெடுத்த முதல் இழைப்புளி இதில்தான் போனது. பித்தளைச் சக்கரம் இல்லாத ஒன்றைச் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். பழைய ஸ்டான்லியின் மரைகள் நம் கடைகளில் கிடைக்கும் மெட்ரிக் மரைக்கும் ஒத்துவராது, மற்ற சாதாரண அளவுகளுக்கும் ஒத்துவராது. கைப்பிடித் திருகு ஓர் அளவு, ஃபிராக் திருகு வேறோர் அளவு. பத்தாததற்கு ஆழச் சக்கரத்தின் மரை இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருகுவது. இது எதுவும் தெரியாமல் லேத்தில் கொடுத்து ஒரு சக்கரம் கடையச் சொல்லி, அதைப் பலவந்தமாக ஏற்றி, உள்ளே இருந்த தண்டின் மரையையே அழித்துவிட்டேன். ஆகவே சக்கரம், லீவர் கேப், மேல் தகடு, எல்லாத் திருகுகளும் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். கைப்பிடி உடைந்திருக்கலாம், குமிழ் காணாமல் போயிருக்கலாம், அவை மரம்தானே.

மூன்றாவது தகடு. தகட்டின் நடுவில் ஒரு நீளத் துளை இருக்கிறதல்லவா, முனைக்கும் அந்தத் துளைக்கும் இடையே எவ்வளவு எஃகு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். அரை அங்குலம்தான் இருக்கிறதென்றால் தீட்டித் தீட்டி ஆயுள் முடிந்த தகடு. பிறகு தகட்டின் தட்டையான பக்கத்தில், முனையை ஒட்டித் துருக்குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாய்வுப் பக்கத்துக் குழி தீட்டினால் போய்விடும். தட்டைப் பக்கத்துக் குழி முனைவரை வந்தால் அந்த இடத்தில் முனை பல்லுப்போன சீப்புதான். முனை நீலம் பாய்ந்திருந்தால் யாரோ கிரைண்டரில் சுட்டுவிட்டார்கள். நீலம் போகும்வரை வெட்டியெறிய வேண்டும்.

அடிப்பாகம் சற்று வளைந்திருப்பது, பெயின்ட் உரிந்திருப்பது, கறுத்துப்போயிருப்பது எதுவும் பொருட்டில்லை.

எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஸ்டான்லியில் ஓரளவு முடியும். ஃபிராக்குக்குப் பின்னால் உடம்பு வார்ப்பில் 1902இன் இரண்டு தேதிகளும் 1910இன் ஒரு தேதியும் மூன்று வரியாக இருந்தால் அது 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. ஃபிராக்கை முன்பின் நகர்த்தும் திருகு வந்தது 1907 வாக்கில். இங்கிலாந்தில் செய்தது என்று பொறித்திருந்தால் 1930களின் பிற்பகுதிக்குப் பிறகு ஷெஃபீல்டில் வந்தது. நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது இந்த ஷெஃபீல்டு ஸ்டான்லியும், அதே ஊரில் 1930களில் இழைப்புளி செய்யத் தொடங்கிய ரெகார்டும், அனந்த் போன்ற இந்தியத் தயாரிப்புகளும்தான்.

ஆண்டு தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. சேகரிப்பவர்களுக்கு அது வேதம். இழைப்பவர்களுக்கு இரண்டாம் உலகப்போருக்கு முந்தையது பெரும்பாலும் நேர்த்தியாக இருக்கும் என்பது தெரிந்தால் போதும்.

என்ன விலை கொடுக்கலாம்?

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பிடிமானம் வேண்டுமென்றால் எடையை வைத்துக்கொள்ளுங்கள். எண் 4 ஏறக்குறைய 1.7 கிலோ, எண் 5 இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், எண் 7 மூன்றரை கிலோவுக்கும் மேல். கடைக்காரர் அதை இரும்பு எடைக்கு வாங்கியிருப்பார். அங்கிருந்து தொடங்கி, அதே அளவுப் புது இழைப்புளியின் விலையில் பாதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் பொறித்த லீவர் கேப்பைக் காட்டி இது வெள்ளைக்காரன் காலத்தது என்று கதை ஆரம்பித்தால் தலையாட்டிக் கேளுங்கள், விலையை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று, திருகு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

அவசரப்படாமல் இருக்க வேண்டும். திருகின் பள்ளத்தை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு விடுங்கள். பள்ளத்தின் முழு அகலத்துக்கும் உட்காரும் திருப்புளியை மட்டும் பயன்படுத்துங்கள். சின்னதைப் போட்டு வழுக்கவிட்டால் தலை போய்விடும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அசைத்து, பிறகு திறக்கும் திசையில் திருப்புங்கள். கழற்றும் முன் செல்போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துருவை எடுக்க எது சிறந்தது?

மேலோட்டமான துரு என்றால் மண்ணெண்ணெயும் இரும்பு நாரும் போதும். அதற்கு மேல் என்றால் அமிலம். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் இரும்புப் பாகங்களை மூழ்கவைத்து ஓர் இரவு விட்டால் துரு இளகிக் கறுப்புச் சேறாகிவிடும். பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்குங்கள், இல்லாவிட்டால் மிச்ச அமிலம் வேலையைத் தொடரும். பிறகு துடைத்து, வெயிலில் அல்லது ஹேர் டிரையரில் முழுக்கக் காயவைத்து, சூடு ஆறும் முன் எண்ணெய் பூசுங்கள். காயவைப்பதற்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு போன் பேசிவிட்டு வந்தால் கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும்.

வினிகருக்குப் பதில் சிட்ரிக் அமிலத் தூளும் ஆகும். பித்தளைப் பாகங்களுக்கு வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்கும் புளியே போதும்.

நான் கெடுத்த இரண்டாவது இழைப்புளி இங்கே. வினிகரில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன், திரும்பி வர நான்கு நாள். துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் அமிலம் அரித்து, மேற்பரப்பு அம்மிக்கல் மாதிரி ஆகிவிட்டது. சில மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறையும் உண்டு. சலவை சோடா கரைத்த தண்ணீர், பழைய பேட்டரி சார்ஜர், பலிகொடுக்க ஒரு துண்டு இரும்பு. இழைப்புளிக்கு எதிர்மின் முனை, துண்டு இரும்புக்கு நேர்மின் முனை. மாறிவிட்டால் உங்கள் இழைப்புளிதான் கரையும். கிளம்புவது ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் செய்யுங்கள். பலிகொடுக்கும் துண்டாக எவர்சில்வரைப் போடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நச்சாகித் தண்ணீரில் இறங்கும்.

மறுபடி கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டுமா?

உங்கள் ஆசை. அடித்தால் ஃபிராக் உட்காரும் இடங்களில் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் அடிப்பதில்லை.

அடிப்பாகத்தை எப்படிச் சமமாக்குவது? எவ்வளவு சமம் வேண்டும்?

வெளிநாட்டுப் புத்தகங்கள் தடித்த கண்ணாடியைச் சொல்லும். நமக்கு அதைவிட நல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிரானைட் கடைக்குப் போய், சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய பாலிஷ் போட்ட துண்டைக் கேளுங்கள். இரண்டடி நீளம் போதும். இரும்பு ஸ்கேலின் விளிம்பை நிறுத்தி வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து எடுத்துவாருங்கள்.

அதன்மேல் 80 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். இழைப்புளியில் தகடு, மேல் தகடு, லீவர் கேப் எல்லாம் பூட்டி இறுக்கியே இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அழுத்தத்தில் உடம்பு ஒரு மயிரிழை வளையும். தகட்டை மட்டும் வாய்க்குள் நன்றாகப் பின்னிழுத்துவிடுங்கள். அடிப்பாகம் முழுக்க மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, பத்துத் தரம் தேய்த்துத் திருப்பிப் பாருங்கள். கோடு அழிந்த இடம் மேடு, மிஞ்சிய இடம் பள்ளம்.

எல்லாக் கோடும் அழிய வேண்டியதில்லை. முன் நுனி, வாய்க்கு உடனே முன்னால் உள்ள பகுதி, பின் நுனி ஆகிய மூன்றும் ஒரே தளத்துக்கு வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். நடுவில் சின்னப் பள்ளம் கிடந்தால் கிடக்கட்டும். வாய்க்கு முன்னால் உள்ள பகுதிதான் உயிர்நாடி. தகடு வெட்டும் இடத்துக்கு முன்னால் மரத்தை அமுக்கிப் பிடிப்பது அதுதான். அங்கே பள்ளமிருந்தால் சிலாம்பு எழும்பும். 80க்குப் பிறகு 120, 220 போதும். முகம் தெரியும்படி பாலிஷ் போடுபவர்கள் இருக்கிறார்கள், இரண்டு நாள் வேலையில் அந்தப் பாலிஷ் போய்விடும்.

தகடு தீட்டுவதுதான் வரமாட்டேன் என்கிறது. முதலிலிருந்து சொல்ல முடியுமா?

இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பாதியை ஒதுக்க வேண்டும். மற்ற எல்லாம் அரைகுறையாக இருந்தாலும் தகடு கூராக இருந்தால் இழைப்புளி ஓடும். தகடு மொட்டையாக இருந்தால் வேறெதைச் செய்தும் பயனில்லை.

முனை என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒன்று தட்டைப் பக்கம், மற்றது சாய்வு. சாய்வை மட்டும் மணிக்கணக்கில் தீட்டிவிட்டுத் தட்டைப் பக்கத்தைத் தொடாமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முதலில் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து, முனையை ஒட்டிய அரை அங்குலம் கண்ணாடியாகும்வரை தேயுங்கள். முழுத் தகட்டையும் தேய்க்க வேண்டியதில்லை. அதுவும் பொறுமை போதவில்லை என்றால் இங்கிலாந்துத் தச்சர் டேவிட் சார்ல்ஸ்வொர்த் பரப்பிய ஒரு குறுக்குவழி உண்டு. அரை மி.மீ. கனமுள்ள மெல்லிய எஃகு ஸ்கேலைக் கல்லின் ஓர் ஓரத்தில் வைத்து, தகட்டின் பின்பகுதி அதன்மேல் ஏறியிருக்க, முனை மட்டும் எதிர் ஓரத்தில் கல்லைத் தொடும்படி தேய்க்க வேண்டும். முனையில் ஒரு நூல் அகலம் மட்டும் பளபளக்கும், அது போதும். உளிகளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அவற்றுக்கு முழுத் தட்டை வேண்டும்.

அடுத்து சாய்வு. 25 டிகிரி. முனை உடைந்திருந்தால் கிரைண்டரில் பிடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் முக்கி எடுங்கள். விரலுக்குச் சுட்டால் நிறுத்துங்கள். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அரிவாள்மனைக்கும் கத்திக்கும் அவர் போதும், இதற்கு வேண்டாம்.

25 டிகிரி வந்த பிறகு முனையை மட்டும் 30 டிகிரியில் தீட்டினால் போதும். கையால் கோணம் பிடிக்க வராதவர்கள் உருளை வைத்த மலிவான தீட்டுக் கவ்வியை வாங்கலாம். பக்கவாட்டில் கவ்வும் எக்லிப்ஸ் மாதிரியில் தகடு 50 மி.மீ. வெளியே நீட்டினால் 25 டிகிரி, 38 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி. இந்த இரண்டு அளவையும் ஒரு பலகைத் துண்டில் கட்டை அடித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம்.

கல் என்றால் நம் ஆசாரிகள் கையில் கார்போரண்டம் கல்தான் இருக்கும். சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியால் அந்தப் பெயர் இங்கே பட்டறைச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஒருபுறம் கரடு, மறுபுறம் மென்மை, மேலே சில சொட்டு எண்ணெய். அதிலேயே நன்றாகத் தீட்டலாம். அதற்கு மேல் மழமழப்பு வேண்டுமென்றால் அதே கிரானைட் துண்டின்மேல் 1000, 2000 எண் வாட்டர் பேப்பர். நடுவில் குழிவிழுந்த கல்லில் மட்டும் தீட்டாதீர்கள், முனையும் வளையும்.

சாய்வைத் தீட்டும்போது மறுபக்கத்தில் பிசிர் எழும்ப வேண்டும். விரல் நுனியைத் தட்டைப் பக்கத்தில் முனையை நோக்கி மெதுவாக இழுத்தால் தட்டுப்படும். முனையின் முழு அகலத்துக்கும் பிசிர் வந்தால்தான் தீட்டியது முனையை எட்டியிருக்கிறது. வரவில்லை என்றால் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பச்சை நிறப் பாலிஷ் கட்டியைத் தேய்த்து, முனையைப் பின்னோக்கி இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். சோதிக்க முழங்கை மயிரைச் சிரைக்க வேண்டாம். மென்மையான மரத்தின் குறுக்குவெட்டு முனையைச் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் மெழுகுபோல் சீவினால் தயார்.

எண் 5இன் முனையை மிக லேசாக வில்போல் வளைத்துத் தீட்டுவது உண்டு. நிறைய மரத்தை வேகமாக எடுக்க அது உதவும். எண் 4க்கு மூலைகள் இரண்டையும் மட்டும் சற்று மழுக்கிவிடுங்கள், பலகையில் கோடு விழாது.

மேல் தகடு எதற்கு? அதில் என்ன செய்ய வேண்டும்?

சீவலை வெட்டிய உடனே மடக்கி ஒடிப்பதற்கு. ஒடிக்காவிட்டால் சீவல் நெம்புகோலாகி முன்னால் உள்ள மரத்தையும் பிய்த்துக்கொண்டு எழும். ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இருவர் இதைக் காமிராவில் பெரிதாக்கிப் படமெடுத்தே காட்டினார்கள். மேல் தகடு முனைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறைவாகப் பிய்யும். கடைசி இழைப்புக்கு 0.2 மி.மீ. அளவில் வையுங்கள், கண்ணுக்குத் தெரியும் மிக மெல்லிய வெள்ளிக் கோடு. கரடு வேலைக்கு ஒரு மி.மீ. வரை விடலாம்.

அது வேலை செய்ய, மேல் தகட்டின் விளிம்பு தகட்டோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். இரண்டையும் பூட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் சீவல் நுழைந்து அடைத்துக்கொள்ளும். விளிம்பின் அடிப்புறத்தைக் கல்லில் சற்றுச் சாய்த்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.

கைப்பிடி உடைந்திருக்கிறது.

சுத்தமாக உடைந்திருந்தால் அரால்டைட் போட்டு ஒட்டி, ஒரு நாள் இறுக்கிக் கட்டிவையுங்கள். துண்டு காணாமல் போயிருந்தால் புதிதாகச் செய்யுங்கள். ஈட்டித் துண்டு கிடைத்தால் அழகு, தேக்கும் தப்பில்லை. நார் ஓட்டம் அடிப்பாகத்துக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். செங்குத்தாக எடுத்தால் மேல் கொம்பு ஒரே மாதத்தில் ஒடியும்.

கட்டை இழைப்புளியைச் சீர்செய்வது வேறு மாதிரியா?

தகடு வேலை அதேதான். மிகப் பழைய தகடுகளில் சாய்வைப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். மிருதுவான இரும்பின்மேல் கடினமான எஃகை உலையில் ஒட்டி அடித்த அடையாளம் அது. ஷெஃபீல்டு முத்திரை போட்ட பழைய கனத்த தகடுகள் இப்படித்தான். கிடைத்தால் விடாதீர்கள், அதை வைத்துக்கொண்டு புது உடம்பே செய்யலாம்.

உடம்பில் புழு அரித்த துளைகள் இருக்கின்றனவா, தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் உடம்பை விட்டுத் தகட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தை இன்னோர் இழைப்புளியால் இழைத்தே சமமாக்கலாம். ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் வாய் அகலமாகும். மிக அகன்றுவிட்டால் வாய்க்கு முன்னால் குழிவெட்டி ஒரு கடின மரத்துண்டைப் பதித்து வாயைக் குறுக்க வேண்டும். ஆப்பு இரண்டு கால்களிலும் ஒரே மாதிரிப் பிடிக்கிறதா பாருங்கள். ஒரு காலில் மட்டும் பிடித்தால் தகடு நடுங்கும். உடம்பை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைக்கச் சொல்வார்கள். மேலே ஒரு பூச்சு போதும், ஆப்பு உட்காரும் இடத்தில் எண்ணெய் பட்டால் வழுக்கத் தொடங்கும்.

ஆழம் கூட்டத் தகட்டின் தலையில் தட்டுங்கள், குறைக்க உடம்பின் பின்முனையில் தட்டுங்கள். எப்படித் தட்டினாலும் ஆப்பை மறுபடி இறுக்கிவிட்டே இழையுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன், ஆனாலும் சரியாக ஓடவில்லையே?

தகட்டை முழுக்க உள்ளே இழுத்து, மரத்தின்மேல் ஓட்டிக்கொண்டே சக்கரத்தை மெல்லத் திருகிச் சீவல் வரும்வரை இறக்குங்கள். பெரும்பாலோர் முதலிலேயே அதிகம் இறக்கிவிட்டு மல்லுக்கட்டுகிறார்கள். கடைசித் திருகல் எப்போதும் இறக்கும் திசையில் இருக்கட்டும், இல்லையென்றால் சக்கரத்தின் தொளதொளப்பில் தகடு தானாகப் பின்வாங்கும். ஒருபக்கம் மட்டும் சீவல் வந்தால் பக்க நெம்பைத் தள்ளுங்கள். தடதடவென்று அதிர்ந்தால் ஃபிராக் சரியாக உட்காரவில்லை அல்லது லீவர் கேப் தளர்வு. லீவர் கேப்பை இறுக்கிய பிறகும் ஆழச் சக்கரத்தை ஒற்றை விரலால் திருப்ப முடிய வேண்டும், அதுதான் அளவு.

பிய்ந்தால் பலகையைத் திருப்பிப் போட்டு மறுமுனையிலிருந்து இழையுங்கள். எதிர் நாரில் எப்பேர்ப்பட்ட இழைப்புளியும் தடுமாறும். அடிப்பாகத்தில் மெழுகுவர்த்தியால் ஒரு கிறுக்கல் போட்டால் பாதி பலம் மிச்சம்.

எந்த மரத்தில் பழகுவது?

பார்சல் பெட்டிகளில் வரும் பைன் மரத்தில். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு. தேக்கு இழைக்கச் சுகமானதுதான், ஆனால் அதிலிருக்கும் மணற்சத்து, அதாவது சிலிக்கா, முனையைச் சீக்கிரம் மழுக்கும். வேம்பு நார் பின்னிப் பின்னி ஓடும், பழகும் கைக்கு அது வேண்டாம். பழைய வீட்டுக் கதவு, உத்தரம் இவற்றைக் கொண்டுவந்து இழைப்பவர்கள் முதலில் காந்தத்தை ஓட்டி ஒளிந்திருக்கும் ஆணிகளைத் தேடுங்கள். ஓர் உடைந்த ஆணி முனை, ஒரு மணி நேரத் தீட்டலைத் தின்றுவிடும்.

மறுபடி துரு பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது?

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு அடிப்பாகத்தையும் தகட்டையும் துடைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுவென்று பிசினாகிவிடும். கருவிப் பெட்டியில் இரண்டு கட்டி கற்பூரம் போட்டுவைப்பது பழைய ஆசாரிகளின் வழக்கம், நானும் போடுகிறேன். வியர்த்த கையால் தொட்ட இடத்தில் மறுநாள் விரல்ரேகையே துருவாகப் பதிந்திருக்கும், பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆயுத பூஜை அன்று ஈரச் சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டு, மறுநாள் வரை அப்படியே விட்டுவிடுவோம். என் எண் 5இன் பக்கச் சுவரில் மூன்று வட்டத் தழும்புகள் இருப்பது அதனால்தான். இப்போதெல்லாம் முந்தின நாளே நன்றாக எண்ணெய் போட்டுவிட்டு, பொட்டைக் கைப்பிடி மரத்தில் மட்டும் வைக்கிறேன்.